அம்மா குரல் கேட்குதா? – சீல் குட்டிகளின் முதல் பாடம்



ஒரு உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கன்னியாகுமரியில் விரலை வையுங்கள். இப்படி அப்படி அசைக்காமல் நேர் தெற்காக விரலை இழுத்துக்கொண்டே போங்கள். பூமத்திய ரேகை வரும், மகர ரேகை வரும். மற்றபடி தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் போன பிறகு விரல் ஒரு சின்னப் புள்ளியில் போய் முட்டும். அதற்குப் பெயர் ஆம்ஸ்டர்டாம் தீவு. நெதர்லாந்தின் தலைநகரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1633-ல் அந்தப் பக்கம் போன டச்சுக்காரர்கள் தங்கள் கப்பலின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது பிரான்சுக்குச் சொந்தம். எரிமலைப் பாறையால் ஆன தீவு. குடும்பம் குட்டியோடு அங்கே வாழ்கிறவர்கள் யாரும் இல்லை, ஆராய்ச்சிக்காக வந்து போகிறவர்கள் மட்டும்தான்.

மனிதர்கள்தான் இல்லையே தவிர, குடும்பம் குட்டிக்குக் குறைவில்லை. அங்கே வாழ்கிற சீல்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. (மெக்கானிக்கல் நண்பர்கள் ஆயில் சீலை நினைக்க வேண்டாம். ஆபீஸ் சீலும் இல்லை. இது கடல்நாய் என்று நம் பாடப் புத்தகங்களில் வரும் பாலூட்டி.)

சீல்களில் பெரிதாக இரண்டு வகை. வெளியே காதுமடல் தெரிகிற வகை ஒன்று. ஃபர் சீல், கடல் சிங்கம் எல்லாம் இதில் அடக்கம். காதுமடல் இல்லாமல், தலையின் பக்கத்தில் வெறும் ஓட்டை மட்டும் உள்ளது இன்னொரு வகை. இந்தப் பிரிவினையை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலைக்கு ஆகும். ஆம்ஸ்டர்டாம் தீவில் இருப்பது முதல் வகை, ஃபர் சீல். அடர்த்தியான ரோமத்தோல் இருப்பதால் அந்தப் பெயர். அந்தத் தோலுக்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்காரர்கள் இவற்றைக் கிட்டத்தட்ட துடைத்தே எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவை மெதுவாகப் பெருகி இன்று மறுபடி கரையை நிறைத்திருக்கின்றன.

நம்ம ஊரில் மார்கழிக் குளிர் அடிக்கிற டிசம்பர் மாதம் அங்கே கோடைக்காலம். அப்போதுதான் பெண் சீல்கள் கரைக்கு வந்து ஆளுக்கு ஒரு குட்டி போடுகின்றன. நூற்றுக்கணக்கான தாய்கள், நூற்றுக்கணக்கான குட்டிகள். குட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு ரோமத்தோடு, ஒரே அளவில். பாறையில் அலை மோதும் சத்தம், காற்றின் சத்தம், சண்டை போடும் ஆண் சீல்களின் சத்தம், இதற்கு நடுவே ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிற குட்டிகளின் சத்தம். திருவிழாக் கூட்டத்தில் மைக் செட் போட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும்? அதுதான்.

இனி பிரச்சினைக்கு வருவோம். குட்டி போட்ட தாய் சில நாட்கள்தான் கரையில் இருக்க முடியும். அவளுக்குச் சாப்பாடு கடலில். கரையில் இருக்கும்வரை பட்டினி. உடம்பில் இருக்கும் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கிறாள். பால் என்றால் சாதாரணப் பால் இல்லை. பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம். இவள் பாலில் சுமார் 40 சதவீதம்! வெண்ணெயைக் கரைத்து ஊற்றுகிற மாதிரி. அப்படிக் கொடுத்தால் சேமிப்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு கட்டத்தில் குட்டியைப் பாறை மேல் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஆம்ஸ்டர்டாம் தீவைச் சுற்றியுள்ள கடலில் இரை கிடைக்கத் தூரம் போகவேண்டும். அதனால் அவள் திரும்பி வர இரண்டு, மூன்று வாரம் ஆகிவிடுகிறது. அதுவரை குட்டிக்கு ஒரு சொட்டுப் பால் கிடையாது.

பக்கத்துத் தாய் கொடுக்க மாட்டாளா என்று கேட்டால், மாட்டாள். தெரியாத்தனமாக வேறொரு தாயிடம் போய் மூக்கை நீட்டுகிற குட்டிக்குக் கடிதான் கிடைக்கும். சில சமயம் தூக்கி எறியப்படும். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மூன்று வாரம் கடலில் அலைந்து சேர்த்த பாலை ஊரான் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் தன் பிள்ளை சாகும். ஆகவே அந்தக் கரையில் ஒரு குட்டிக்கு ஒரே ஒரு தாய்தான் உயிர். அவள் திரும்பி வருகிற நேரத்தில் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கணக்கு முடிந்தது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? குரலால். தாய் கரையேறியதும் கூப்பிடுகிறாள். குட்டி பதில் கொடுக்கிறது. கூப்பிட்டுக்கொண்டும் பதில் கொடுத்துக்கொண்டும் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்கிறார்கள்.

சரி, இது குட்டிக்குப் பிறவியிலேயே தெரியுமா, கற்றுக்கொள்கிறதா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இசபெல் ஷாரியே, நிக்கோலா மாத்தவோன், பியர் ஜூவந்தன் என்ற மூன்று பிரெஞ்சு விஞ்ஞானிகள் அந்தத் தீவில் வேலை செய்தார்கள். முடிவு 2001-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஒரு பக்கம்தான். ஆனால் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சோதனை ரொம்ப எளிமை. நம்ம லேபில் ஒரு சர்க்யூட்டுக்கு சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து இன்புட் கொடுத்து அவுட்புட்டைப் பார்க்கிறோம் இல்லையா? அதே முறைதான். இங்கே சர்க்யூட், குட்டி. இன்புட், ஒலிபெருக்கியிலிருந்து வரும் பதிவு செய்த குரல். குட்டி பிறந்ததிலிருந்து நாள்தோறும் அதற்கு அதன் தாயின் குரலைப் போட்டுக் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு தாயின் குரலையும் போட்டார்கள். இந்த இரண்டாவது குரல் ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் குட்டி அம்மாவை அடையாளம் கண்டு கத்தியதா, ஏதோ ஒரு சத்தம் கேட்டுக் கத்தியதா என்று பிரிக்க முடியாது. சொந்தத் தாய் குரலுக்குத் தலையைத் திருப்பி, கத்தி, ஒலிபெருக்கியை நோக்கி வரவேண்டும். அடுத்தவள் குரலுக்குக் கண்டுகொள்ளாமல் இருக்கவேண்டும். அப்போதுதான் 'பாஸ்'.

பிறந்த அன்று குட்டி பாஸ் ஆகவில்லை. 2 முதல் 5 நாட்களுக்குள் பாஸ் ஆகிறது. சிலது இரண்டே நாளில், சிலது ஐந்து நாள் எடுத்துக்கொண்டு. நம்ம வகுப்பு மாதிரியேதான்.

இதோடு சேர்த்து அவர்கள் இன்னொன்றையும் குறித்து வைத்தார்கள்: எந்தத் தாய் எந்த நாளில் முதல்முறையாகக் கடலுக்குக் கிளம்பினாள் என்று. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குட்டி குரலைக் கற்ற பிறகுதான் தாய் கிளம்பியிருக்கிறாள். இரண்டு நாளில் கற்ற குட்டியின் தாய் சீக்கிரம் போகலாம். ஐந்து நாள் எடுத்த குட்டியின் தாய் அந்த ஐந்து நாளும் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கரையில் கிடக்கிறாள். பட்டினி அவளுக்குச் சில நாள் கூடுதல். ஆனால் பாடம் முடியாமல் கிளம்பினால் மூன்று வாரம் கழித்து வந்து கூப்பிடும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது. குட்டி கற்றுவிட்டது என்று அவளுக்கு எப்படித் தெரிகிறது? என் யூகத்தைச் சொல்கிறேன்: அந்த நாட்களில் இருவரும் ஓயாமல் கூப்பிட்டுப் பதில் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். தன் குரலுக்கு மட்டும் குட்டி பளிச்சென்று பதில் கொடுப்பதே அவளுக்குப் போதுமான ரிசல்ட்டாக இருக்கலாம்.

தாயின் பக்கப் பாடம் இன்னும் வேகம். குட்டி பிறந்த சில மணி நேரத்திலேயே அதன் குரல் அவளுக்குப் பிடிபட்டுவிடுகிறது.

ஒருத்தருக்குத் தெரிந்தால் போதாதா, ஏன் இருவரும் கற்கவேண்டும் என்று எனக்கும் முதலில் தோன்றியது. தாய்க்கு மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஒவ்வொரு குட்டியாகப் போய்ச் சோதிக்கவேண்டும். அவள் கூப்பிட்டதும் கரையில் உள்ள பசித்த குட்டிகள் அத்தனையும் 'நான்தான், நான்தான்' என்று ஓடிவரும். குட்டிக்கும் நஷ்டம்: கரையேறுகிற ஒவ்வொரு பெண்ணிடமும் ஓடினால் இருக்கிற கொழுப்பு வீண், கூடவே கடி. இரண்டு கம்ப்யூட்டர்கள் மோடம் வழியாகப் பேசத் தொடங்கும்போது முதலில் 'நீயா?', 'நான்தான்' என்று ஒரு ஹேண்ட்ஷேக் நடக்கும் என்று படித்திருப்பீர்கள். இது அதுவேதான். அழைப்புக்கு முகவரி உண்டு, பதிலுக்கும் முகவரி உண்டு.

இப்போது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவு நண்பர்கள் நிமிர்ந்து உட்காரலாம். குரலில் எந்த இடத்தில் அந்த முகவரி எழுதியிருக்கிறது?

சீலின் தொண்டையும் நம் தொண்டையும் வேலை செய்கிற விதம் ஒன்றுதான். குரல்நாண்கள் அதிர்ந்து ஓர் அடிப்படை அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளான ஹார்மானிக்ஸ்களையும் உண்டாக்குகின்றன. தொண்டையும் வாயும் மூக்கும் சேர்ந்த குழாய் ஒரு ஃபில்டர் மாதிரி சில அதிர்வெண்களை விட்டு, சிலவற்றை அமுக்குகிறது. நாணின் நீளம், குழாயின் வடிவம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆகவே எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்கிற பங்கீடும் மாறும். ஹாஸ்டல் வராந்தாவில் இருட்டில் யார் கூப்பிட்டாலும் ஆளைச் சொல்லிவிடுகிறோமே, அது இதனால்தான். இதோடு, கூப்பிடும்போது சுருதி மேலே ஏறி இறங்குகிற விதமும் ஆளுக்கு ஆள் வேறு. சத்தம் கூடிக் குறைகிற விதமும் வேறு. சுருதி ஏறி இறங்குவது அதிர்வெண் பண்பேற்றம், அதாவது எஃப்.எம். சத்தம் கூடிக் குறைவது வீச்சுப் பண்பேற்றம், அதாவது ஏ.எம்.

எஃப்.எம்.மா, ஏ.எம்.மா? வைவாவில் நம்மைப் படுத்தி எடுக்கிற அதே கேள்வி! அந்த விஞ்ஞானிகள் குட்டியின் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வோர் அம்சமாக மாற்றி, மாற்றிய குரலைத் தாய்க்குப் போட்டுப் பார்த்தார்கள். தாய் பதில் கொடுத்தால் அந்த அம்சம் அவளுக்கு முக்கியமில்லை. அவள் பேசாமல் இருந்தால் நாம் கைவைத்த இடத்தில்தான் முகவரி இருந்திருக்கிறது. 2002-ல் வெளியான முடிவின்படி, தாய் நம்பியிருப்பது அதிர்வெண் ஏறி இறங்கும் விதத்தையும் ஆற்றல் பங்கீட்டையும்.

யோசித்துப் பாருங்கள், வேறு எப்படி இருக்க முடியும்? தூரம் கூடினால் சத்தம் குறையும். காற்றடித்தால் விட்டு விட்டுக் கேட்கும். நடுவே நாலு சீல் படுத்திருந்தால் இன்னும் அமுங்கும். சத்தத்தின் அளவில் முகவரியை எழுதினால், இடி இடிக்கும்போது மீடியம் வேவ் ரேடியோ கேட்கிற கதைதான், கரகரவென்று அழிந்துபோகும். சுருதியின் ஏற்ற இறக்கமோ தூரம் போனாலும் தன் வடிவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளும். இதற்காகத்தானே நாமும் எஃப்.எம். ஒலிபரப்புக்குப் போனோம். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-ல் அகன்ற அலைவரிசை எஃப்.எம்.முக்குக் காப்புரிமை வாங்கினார். சீல் யாரிடமும் காப்புரிமை வாங்கவில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல். குட்டி வளரும். வளர வளர குரல்நாண் நீளும், குழாய் நீளும், சுருதி இறங்கும். நம்மில் பலருக்குப் பத்தாம் வகுப்பில் குரல் உடைந்ததே, அந்த மாதிரி. தாய் ஒவ்வொரு முறை கடலிலிருந்து வரும்போதும் குட்டியின் குரல் அவள் விட்டுப்போன குரல் இல்லை. பால்குடி மறக்கப் பத்து மாதம் வரை ஆகும். அதுவரை இந்தக் கதை தொடரும். ஆக அவள் ஒரு குரலை ஒரு தடவை மனப்பாடம் செய்தால் போதாது, ஒவ்வொரு வருகையிலும் புதுப்பித்துக்கொண்டே போகவேண்டும்.

புதுசு வந்ததும் பழசை அழித்துவிடுகிறாளா? கேசட்டில் பழைய பாட்டின் மேலேயே புதுப் பாட்டைப் பதிவு செய்கிற மாதிரி? இதையும் சோதித்தார்கள். குட்டி வளர்ந்த பிறகு, அதன் பழைய, சின்ன வயசுக் குரல்களைத் தாய்க்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் குரல் இனி உலகத்தில் யாரிடமும் கிடையாது. குட்டியே அப்படிக் கத்துவதில்லை. ஆனாலும் தாய் பதில் கொடுத்தாள்! ஒவ்வொரு வயசுக் குரலையும் அவள் தனித்தனியாக வைத்திருக்கிறாள். 2003-ல் வந்த இந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே, இந்த ஞாபகத்தால் ஏதும் பயன் உண்டா, இல்லை சும்மா ஒரு பக்க விளைவா என்று கேட்டிருக்கிறார்கள். நம் வீட்டு அம்மாக்களிடம் கேட்டிருந்தால் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டியிருப்பார்கள்.

ஞாபகம் எத்தனை வருஷம் நிற்கும் என்பதற்கு உலகத்தின் இன்னொரு கோடிக்குப் போகவேண்டும். அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் செயின்ட் பால் என்று ஒரு தீவு. அங்கே இருப்பது வடக்கு ஃபர் சீல். குட்டி நாலு மாதத்தில் பால்குடி மறந்துவிடும். பிறகு தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று கடலோடு போய்விடும். வருஷத்தில் எட்டு மாதம் போல ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. ஸ்டீபன் இன்ஸ்லி என்பவர் அங்கே இதே ஒலிபெருக்கி முறையில் சோதித்து 2000-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். தாய், பிள்ளை இருவருமே குறைந்தது 4 ஆண்டுகள் ஒருவர் குரலை மற்றவர் மறக்கவில்லை.

இதுவரை படித்துவிட்டு, 'தாய்ப் பாசம்னா தாய்ப் பாசம்தான், எல்லா உயிருக்கும் பொது' என்று முடித்துவிடலாம் என்று தோன்றும். நம் மலரில் இப்படி முடிகிற கட்டுரைகள் நிறைய. ஆனால் உண்மை அவ்வளவு சுலபமாக மடங்கவில்லை. முதலில் சொன்ன இரண்டாவது வகையை, காதுமடல் இல்லாத சீல்களைப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தின் மே தீவில் சாம்பல் சீல்கள் உண்டு. அவற்றின் குட்டிகளின் குரலை அலசினால் ஒவ்வொன்றும் தெளிவாக வேறு வேறு. முகவரி பக்காவாக எழுதியிருக்கிறது. ஆனால் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினால் தாய்க்குத் தன் குட்டி, அடுத்த குட்டி வித்தியாசம் தெரியவில்லை! அடுத்தவள் குட்டிக்குப் பால் கொடுப்பதும் அங்கே சகஜம். இது 1999-ல் வந்த முடிவு. டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது, ரிசீவரை யாரும் டியூன் செய்யவில்லை. ஹவாய்த் தீவுகளின் மாங்க் சீலிலும் 1995-ல் இதே மாதிரிதான் கண்டார்கள். வட அட்லாண்டிக்கின் ஹூடட் சீலைக் கேட்டால் சிரிப்பீர்கள்: பால் கொடுப்பதே மொத்தம் 4 நாள்தான், பாலூட்டிகளிலேயே மிகக் குறைவு. அந்த நாலு நாளில் குட்டி இரண்டு மடங்கு எடை ஏறிவிடும். பிறகு தாய் போயே போய்விடுவாள்.

இவள்களுக்குப் பாசம் குறைவு என்றா சொல்வது? அப்படி இல்லை. இந்த வகைத் தாய்களில் பலர் சாப்பாடு தேடிப் போகாமல், பட்டினியாகக் குட்டி பக்கத்திலேயே கிடந்து பால் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பிரிவே இல்லாத இடத்தில் குரல் அடையாளம் எதற்கு? ஃபர் சீல் தாய் பிரிந்து போகிறாள். போவதால்தான் அங்கே குரலை நுணுக்கமாகக் கற்கவேண்டிய கட்டாயம். ஆஸ்திரேலியக் கடல் சிங்கத்தில் தாய் 48 மணி நேரத்துக்குள் கற்றுவிடுகிறாள், குட்டிக்கோ ரொம்ப நாள் பிடிக்கிறது. அங்கே தாய் வாரக்கணக்கில் போவதில்லை, சீக்கிரம் திரும்பிவிடுவாள். ஆகவே குட்டிக்கு அவசரம் இல்லை.

இதிலும் விதிவிலக்கு உண்டு. அதே சாம்பல் சீல்தான், ஆனால் கனடாவின் சேபிள் தீவில் தாய்கள் தங்கள் குட்டியின் குரலை அடையாளம் காண்கிறார்கள் என்று 2000-ல் எழுதினார்கள். ஒரே இனம், இரண்டு தீவு, இரண்டு விதம். கலிபோர்னியாப் பக்கத்து யானை சீல் பிரிந்து போவதில்லை. இருந்தும் குட்டி பிறந்து இரண்டு நாளில் தாய்க்கு அதன் குரல் தெரிந்துவிடுகிறது என்று 2021-ல் கண்டிருக்கிறார்கள். பிரிந்து போகாவிட்டாலும் அடர்த்தியான கூட்டத்தில் குட்டி தொலைந்து போகுமே! தொலையும் அபாயம் எங்கே இருக்கிறதோ அங்கே காது கூர்மையாகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஆம்ஸ்டர்டாம் தீவில் தாய் கூப்பிட்டு, குட்டி பதில் கொடுத்து, ஆயிரம் சத்தத்துக்கு நடுவே இருவரும் கிட்டே வந்துவிட்டார்கள் என்று வையுங்கள். உடனே பால் கிடைத்துவிடாது. தாய் குனிந்து குட்டியின் மூக்கருகே தன் மூக்கை வைத்து ஒருமுறை மோந்து பார்ப்பாள். குரல் தூரத்துக்கு; கிட்டே வந்தபின் வாசனை. இரண்டும் பொருந்தினால்தான் சாய்ந்து படுப்பாள். மூன்று வாரப் பட்டினியோடு வந்த குட்டி அதற்கப்புறம் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.